குதிருக்கு அடியில் இருந்த வால்வு

பூட்டே இல்லாத ஊரில் ஒருவர் எப்படி அடைபட்டுக் கிடக்க முடியும்? நிக்காசியோவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்ததில்லை. சான் பெர்மினை விட்டுப் போவது அப்படியொன்றும் கடினமான காரியம் அல்ல. அக்டோபர் மழை வருடம் தவறாமல் ஆற்றுப் பாலத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும். அப்போதும் ஆட்கள் தலையில் மூட்டையோடு இடுப்பளவு நீரில் இறங்கி அக்கரைக்குப் போய்ப் பேருந்து பிடித்தார்கள். வடக்கே போனார்கள், கடற்கரைக்குப் போனார்கள், தலைநகரத்துத் தையல் ஆலைகளுக்குப் போனார்கள். மருந்தகத்து நர்ஸ் வாரத்தில் ஐந்து நாள் ஊரில் இருக்க மாட்டார். பாதிரியார்களே மூன்று பேர் மாறிவிட்டார்கள். நிக்காசியோவால் மட்டும் முடியவில்லை.

அவர் ஊரின் தண்ணீர்க்காரர். தோளில் ஆளுயர இரும்புச் சாவி, அடியில் ஒரு பிடிப்பு, மேலே குறுக்குக் கைப்பிடி. அதை மண்ணுக்குள் விட்டுத் திருகினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரும், இன்னொரு தெருவுக்கு நிற்கும். மலை உச்சித் தொட்டியிலிருந்து கடைசி வீட்டுக் குழாய்வரை எது எங்கே புதைந்திருக்கிறது என்பதற்கு வரைபடம் கிடையாது. குழாய் போட்டுத் தந்த வெளிநாட்டு உதவிக்காரர்கள் விட்டுப்போன ஒரே படத்தை ஊராட்சி அலுவலக அலமாரியில் கரையான் தின்றுவிட்டது. மிச்சமிருந்த படம் நிக்காசியோவின் தலைக்குள் இருந்தது. "பலாமரத்துக்கு மூணு அடி கெழக்கே" என்பார், அந்த மரத்தை வெட்டிப் பத்து வருடம் ஆகியிருக்கும். ஆனால் தோண்டினால் குழாய் அங்கேதான் இருக்கும்.

ஊருக்குத் தெரிந்து முப்பத்தேழு வால்வுகள். முப்பத்தெட்டாவது அவருடைய சமையலறைத் தரைக்கு அடியில் இருந்தது.

அது அங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாய் வழியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கல்வாரி மேட்டுக்கு ஏறும். மற்றது சரிந்து, தேவாலயமும் சதுக்கமும் கடைகளும் இருக்கிற நடுவூருக்கு இறங்கும். தண்ணீருக்குப் பள்ளம் கிடைத்துவிட்டால் மேடு நினைவிருக்காது. நடுவூர்க் கிளை திறந்திருக்கும்வரை மேட்டுக்குச் சொட்டுக்கூட ஏறாது. ஆகவே பெரும்புயலுக்கு மறுவருடம் ஊர்க்கூட்டம் கூடி ஒரு முறை வைத்தது: செவ்வாயும் சனியும் காலை ஐந்திலிருந்து பத்துவரை நடுவூரை அடைத்துவிட வேண்டும், அந்த நேரம் மேட்டுக்கு. நிக்காசியோ சதுக்கத்து வால்வை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். அவர் முதுகு திரும்பியதும் நடுவூர்க்காரர் யாராவது குறடு கொண்டுவந்து திறந்துவிடுவார். ஒரு சனிக்கிழமை மேட்டிலிருந்து எவுசேபியோ என்பவன் இறங்கி வந்து வால்வின் மேல் உட்கார்ந்துகொண்டான். வாக்குவாதம் முற்றி, யாரோ வீசிய வெட்டரிவாள் அவன் வலக்கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று.

அந்த மாதம்தான் புயலில் போன குழாயை மாற்றிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, நடுவூர்க் கிளையில், நிக்காசியோ யாரிடமும் சொல்லாமல் ஒரு வால்வைக் கூடுதலாக வைத்தார். உதவிக்கு இருந்த கொத்தனார் வெளியூர். வேலை முடிந்ததும் போய்விட்டார். அந்த இடம் நிக்காசியோவின் மனை. அதன்மேலேயே வீட்டைக் கட்டி, வால்வு இருக்கும் இடத்தில் சமையலறையை வைத்தார். சிமென்ட் குழைத்துக் கொடுத்தவள் அவர் மனைவி ஒதிலியா. வால்வுக் குழியை ஒரு பலகைத் துண்டால் மூடி, அதன்மேல் சோளம் கொட்டிவைக்கும் தகரக் குதிர் ஒன்றை நிறுத்தினார்கள்.

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் செவ்வாயும் சனியும் விடிகாலை ஐந்துக்கு அவர் குதிரை நகர்த்துவார், குழிக்குள் சிறிய சாவியை விட்டுப் பதினான்கு திருகு திருகுவார், குதிரைத் திரும்ப வைப்பார். பத்து மணிக்கு மறுபடியும். குதிர் நிறைந்தால் நகர்த்த முடியாது. எனவே அதைக் கால்பங்குக்கு மேல் நிரப்ப விடமாட்டார்.

"ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் குதிர் நெறயுது. என்னுது மட்டும் நோஞ்சான் மாடு மாதிரி நிக்குது," என்பாள் ஒதிலியா. "பாக்கறவங்க நம்ம வீட்ல வெளச்சலே இல்லன்னு நெனைக்கறாங்க."

"நெனைக்கட்டும்."

"உனக்கென்ன. கடன் கேட்டா யாரும் தர மாட்டேங்கறான், குதிரப் பாத்துட்டு."

சதுக்கத்து வால்வை அவர் அதற்குப் பிறகு தொடவே இல்லை. அதனால் ஊரில் ஒரு விசித்திரம் விளைந்தது. வால்வை யாரும் அடைக்கவில்லை, இருந்தும் செவ்வாயும் சனியும் நடுவூருக்குத் தண்ணீர் வரவில்லை. ஆரம்பத்தில் குறடோடு வந்தவர்கள் திருகித் திருகிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். குழாயில் காற்று அடைக்கிறது என்றார் ஒருவர். குழாயும் ஓய்வெடுக்கும் என்றார் இன்னொருவர். இரண்டு வருடத்தில் அது ஊரின் வழக்கமாகிவிட்டது. நடுவூரில் செவ்வாய்க்கிழமை யாரும் துணி துவைப்பதில்லை, சனிக்கிழமை கல்யாணம் வைப்பதில்லை. மேட்டிலோ வேறொரு விளக்கம் முளைத்தது. எவுசேபியோவின் மனைவி தொரிலா, முதல் தண்ணீர் ஏறிவந்த செவ்வாய்க்கு முந்தின மாலை கல்வாரிச் சிலுவைக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். திங்களும் வெள்ளியும் மாலையில் சிலுவையடியில் மெழுகுவர்த்தி எரிந்தால் மறுநாள் தண்ணீர் மேடேறும் என்று ஆயிற்று. எந்த வீடு எந்த வாரம் மெழுகுவர்த்தி கொண்டுவர வேண்டும் என்று தொரிலாதான் முறை வைத்தாள்.

நிக்காசியோ தொரிலாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவுக்கு அங்கே இருக்கிற மரியாதையோடு அவள் அவரைக் கொம்பாத்ரே என்று கூப்பிடுவாள், நீங்கள் என்று பேசுவாள். அந்த மெழுகுவர்த்திகளைத் தாண்டி எத்தனையோ மாலை அவர் நடந்து போயிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சிரித்ததும் இல்லை.

இதற்காக அவரை யாராவது புகழ வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுத்துப் புகழ்வது நல்லது. ஊர் வைத்த முறையை ஊருக்குத் தெரியாமல் நிறைவேற்றினார், அது உண்மை. ஆனால் ஒரு நியாயத்தைத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டியவன் அந்த வீட்டை விட்டு வெளியே போக முடியாது. அவருக்குப் பதிலாக வேறு ஒருவரைப் பழக்க வேண்டுமென்றால் அவரைச் சமையலறைக்குள் கூட்டிவர வேண்டும். அதனால் யாரையும் பழக்கவில்லை. வீட்டை விற்க முடியவில்லை. கடற்கரையில் மகளுடைய கல்யாணத்துக்குப் போனவர் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பேருந்து ஏறிவிட்டார். மணப்பெண் அழுதாள்.

ஜனவரி தோறும் ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்து, "எனக்கு வயசாச்சு, வேற ஆளப் பாருங்க" என்பார். தண்ணீர்க் குழுத் தலைவர் தோன் அபெல், சதுக்கத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர், எழுந்து நிற்பார். தோன் என்பது அங்கே பெரியவர்கள் பெயருக்கு முன்னால் சேர்க்கிற மரியாதைச் சொல்.

"நிக்கா, நீ போனா நாங்க என்ன குடிக்கறது, உன் கண்ணீரையா? உனக்குச் சாவே கெடையாதுன்னு குழு தீர்மானம் போட்ருக்கு. எல்லாரும் கை தட்டுங்க!"

எல்லோரும் கை தட்டுவார்கள். அவரும் உட்கார்ந்துவிடுவார். அந்தக் கைதட்டலில் வஞ்சகம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கயிற்றுக்கும் வஞ்சகம் கிடையாது.

மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது ஒதிலியா நாற்பது நாளுக்கென்று கடற்கரையில் மகள் இருந்த தேலாவுக்குப் போனாள். நாற்பது நாள் பதினோரு மாதம் ஆயிற்று.

ஊரில் கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது கல்லறைத் தோட்டத்துச் சுவரில் மட்டும்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் பத்துப் பதினைந்து பேர் அங்கே வரிசையாக நிற்பார்கள். ஒருவர் பேசுவதை மற்றவர்கள் கேட்பது குற்றமல்ல, பொழுதுபோக்கு. மே மாதத்து ஞாயிறு ஒன்றில் நிக்காசியோ சுவரில் ஏறி நின்று கைபேசியைக் காதில் வைத்தார். எதிர்முனைக் குரல் வரிசைக்கே கேட்கும்.

"சாப்பிட்டியா கெழவா?"

"ம். ரொட்டி, அவரைக்கொட்டை."

"யார் சுட்டுக் குடுத்தா?"

"நானே."

"அப்ப அது ரொட்டி இல்ல, ஓடு." வரிசையில் யாரோ சிரித்தார்கள். "இங்க குழாயத் தெறந்தா எப்பவும் தண்ணி வருது, தெரியுமா? மொத வாரம் பயந்துட்டேன். எங்கயோ யாருக்கோ வராம போகுதுன்னு ஓடி ஓடி மூடினேன். உன் மக என்னப் பாத்துச் சிரிக்கிறா."

"சரி."

"என்ன சரி? கேளு. நான் அந்தச் சமையல்கட்டுக்குத் திரும்பி வர்றதா இல்ல. நான் கட்டிக்கிட்டது உன்னை. அடியில கெடக்கறத இல்ல." பக்கத்தில் ஆள் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும், அதற்கு மேல் சொல்லவில்லை. "ஜூன்ல வர்ற சான் ஹுவான் திருநாளுக்குள்ள வா. வரலன்னா நான் இனிமே காத்துக்கிட்டு இருக்கல, அவ்வளவுதான். பேரன் உன் ஃபோட்டோவக் காட்டினா பக்கத்து வீட்டுக்காரனப் பாத்துக் கை நீட்டறான்."

"வர்றேன்."

"எப்படி வருவ?"

சுவரிலிருந்து இறங்கியபோது வரிசையில் நின்ற ஒருத்தி, "தோன் நிக்கா, அடியில என்ன கெடக்குது, புதையலா?" என்றாள். "எலி," என்றார் அவர்.

மறுநாள் இஞ்சினியர் வந்தாள். பெயர் மிரேயா, முப்பது வயதிருக்கும், தலைநகரத்திலிருந்து மாநில அலுவலகம் அனுப்பியது. ஊராட்சிக்குப் புதிய குழாய்த் திட்டம் வேண்டுமென்றால் முதலில் இருப்பதற்கு வரைபடம் வேண்டும். வரைபடம் முழுமையாக இருந்தால் சம்பளத்துக்கு ஒரு தண்ணீர்க்காரரையும் அலுவலகமே நியமிக்கும். நிக்காசியோ அதை இரண்டு தடவை கேட்டுத் தெளிந்துகொண்டார்.

"அப்ப நான் போகலாமா?"

"படம் முடிஞ்சா நீங்க ராஜா, தோன் நிக்கா. எங்க வேணா போகலாம்."

அன்று முழுவதும் அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால் ஒரு கருவியோடு நடந்தாள். அவர் நின்று காலால் மண்ணைத் தட்டுவார். அவள் புள்ளி வைப்பாள். முப்பத்தேழு புள்ளிகள். வேலையில் அவர் பேசுவது குறைவு என்று அவள் கண்டுகொண்டாள், தானும் பேசவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் விடியுமுன் எழுந்து சதுக்கத்துக் குழாயில் அழுத்தமானி மாட்டியிருந்தாள். பிரிகிற இடத்துக்கு மேலேயும் ஒன்று. மதியம் அவர் வீட்டுக்கு வந்தாள். காப்பி கொடுத்தார்.

"காலைல அஞ்சு மணிக்குச் சதுக்கத்துல முள்ளு பூஜ்யத்துக்கு விழுந்துச்சு. மேல முழு அழுத்தம் இருக்கு," என்றாள். "ஏன்னு ஊர்ல கேட்டேன். குழாய் ஓய்வெடுக்குதுன்னாங்க."

"அப்படித்தான் சொல்லுவாங்க."

"குழாய் ஓய்வெடுக்காது தோன் நிக்கா. பிளாஸ்டிக்குக்கு ஞாயித்துக்கெழம கெடையாது."

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கோப்பையோடு எழுந்து சமையலறையில் இரண்டடி நடந்தாள். "அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல இஞ்சினியரம்மா," என்றார் அவர் சட்டென்று. "வெறும் சோளம்தான்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை சொன்ன கதைதான். மிரேயா கீழே பார்த்தாள். சிமென்ட் தரையில் குதிரின் காலடியிலிருந்து பிறைநிலா மாதிரி ஒரு தேய்மானம், விரற்கடை ஆழத்துக்கு. இருபத்திரண்டு வருடம் வாரத்துக்கு நான்கு முறை இழுத்த தடம். அவள் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"நான் எதையும் பாக்கல," என்றாள். "பாத்துட்டேன்னா எழுதணும். ஞாயித்துக்கெழம கூட்டத்துல படத்தக் காட்டறேன். அதுக்குள்ள நீங்களே சொன்னா எல்லாருக்கும் நல்லது. புதுத் திட்டத்துல மேட்டுக்குத் தனிக் குழாய் வரும்."

"எப்ப?"

"பணம் ஒதுக்கினா ரெண்டு வருஷம்."

"அதுவரைக்கும்?"

அவள் பொய் சொல்லவில்லை. "படத்தோட ஒரு நகல் தோன் அபெல்கிட்ட இருக்கும்."

"நான் சொல்லலன்னா?"

"படம் முழுசா இல்லன்னு எழுதுவேன். வேற ஆள் போட மாட்டாங்க. நீங்க இங்கயேதான் இருக்கணும்."

அந்த மூன்று நாட்கள் அவர் வெளியே அதிகம் வரவில்லை. சொன்னால் போகலாம், ஆனால் செவ்வாயும் சனியும் இனி அபெலின் தயவு. சொல்லாவிட்டால் மேட்டுக்குத் தண்ணீர் உண்டு. சான் ஹுவான் திருநாள் வரும், போகும். எந்தப் பக்கம் திருகினாலும் ஒரு பக்கம் வறண்டது. அந்தக் கணக்கு அவருக்குப் புதிதல்ல, ஊருக்காக அதைத்தான் வாழ்நாளெல்லாம் செய்துவந்தார். தனக்கென்று செய்ய நேர்ந்தது இதுவே முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மாலை மேட்டுக்கு ஏறினார். தொரிலா சிலுவையடியில் குனிந்து, காற்றுக்கு மறைவாக மெழுகுவர்த்திகளை ஒரு தகர டப்பாவுக்குள் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க கொம்பாத்ரே. நீங்களும் ஒண்ணு ஏத்துறீங்களா? இந்த வாரம் ரொமேரோ வீட்டு முறை, பாதி எரிஞ்ச மெழுகுவர்த்தியக் குடுத்தனுப்பியிருக்கான் கஞ்சப் பய. நாளைக்குத் தண்ணியும் பாதிதான் வரும் பாருங்க."

"முழுசாவே வரும்."

"நீங்க சொன்னா சரி. சிலுவை கேக்கணுமே."

அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல், குழாய் பிரிகிற இடத்திலிருந்து ஆரம்பித்து, பதினான்கு திருகுவரை. அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தீக்குச்சி விரலைச் சுடும்வரை எரிந்தது.

"எவுசேபியோ வெரல் போனது எந்த வால்வுக்கு?"

"சதுக்கத்து வால்வுக்கு."

"உங்களுத எப்ப வெச்சீங்க?"

"அதே மாசம்."

"அவன் வடக்கே போனது மறுவருஷம்." அவள் மெல்லத்தான் பேசினாள். "போறதுக்கு முன்னாடி இந்த எடத்துல நின்னு என்ன சொன்னான் தெரியுமா? 'என் ரெண்டு வெரலால ஆகாதது ரெண்டு மெழுகுவர்த்தியால ஆகுது. நான் எதுக்கு இங்க'ன்னு சொன்னான். நான் அவன்கிட்ட என்ன சொல்லியிருக்கலாம்? நீ வெரலக் குடுத்ததப் பாத்துத்தான் ஒருத்தன் வால்வு வெச்சான்னு சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டியே."

நீ என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

"சண்டை வரும்னு பயந்தேன்."

"மொத வருஷம் பயந்த. சரி. பத்தாவது வருஷம்? நாங்க ஓட்டுப் போட்டு வாங்கின மொறை அது, நிக்காசியோ. எங்களுது. அத நீ எடுத்து ஒளிச்சு வெச்சுக்கிட்டு, வாரத்துக்கு ரெண்டு தடவை எங்களுக்குப் பிச்சை போட்ட. நாங்க அதுக்கு மெழுகுவர்த்தி ஏத்தினோம்."

தான் செய்ததற்கு நன்றி கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். அப்படியென்றால் அதை அவர் முகம் காட்டவில்லை. தொரிலா டப்பாவை நிமிர்த்தி மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தாள். பாதி எரிந்ததையும் சேர்த்துத் துணியில் முடிந்துகொண்டாள்.

"படத்துல போடச் சொல்லு. கூட்டத்துக்கு நான் வர்றேன்."

மறுநாள் காலை, மெழுகுவர்த்தி எரியாமலே, மேட்டுக்குத் தண்ணீர் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம். மிரேயா படத்தைக் கரும்பலகையில் ஒட்டினாள். முப்பத்தெட்டாவது புள்ளி சிவப்பில் இருந்தது. வைத்தது நிக்காசியோவின் கை. அவரே எழுந்து அது என்னவென்று நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இருபத்திரண்டு வருஷம்!" என்றார் தோன் அபெல். "எங்க தொட்டியெல்லாம் காயவெச்சுட்டு, தெனம் என் கடையில வந்து உக்காந்து காப்பி குடிச்சிருக்கான்!"

"என் கல்யாணத்த சனிக்கெழமையிலேருந்து ஞாயித்துக்கெழமைக்கு மாத்தினாங்களே!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

"அதான் ஒரு நாளாச்சும் நிம்மதியா இருந்த," என்றாள் அவன் மனைவி.

சிரிப்பு அடங்குமுன் தொரிலா எழுந்து முன்னால் வந்தாள். கையில் ஊர்க்கூட்டத்தின் பழைய தீர்மானப் புத்தகம். காலையிலேயே ஊராட்சி எழுத்தரிடம் சண்டை போட்டு வாங்கியிருந்தாள். பக்கத்தைப் பிரித்து மிரேயாவிடம் கொடுத்தாள். மிரேயா வாசித்தாள்: செவ்வாய், சனி, காலை ஐந்து முதல் பத்து வரை, நடுவூர் அடைக்கப்படும், கல்வாரி மேட்டுக்கு விடப்படும். கீழே கையெழுத்துகள். மூன்றாவது, தோன் அபெலுடையது.

"உங்க கையெழுத்துதானே?" என்றாள் தொரிலா.

"அப்ப நான் சின்னப் பையன்."

"நாப்பது வயசு. மீசை இருந்துச்சு."

அபெல் படத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். கடைக்காரர், தோற்ற வியாபாரத்தை நீட்டிக்கிற பழக்கம் அவருக்கில்லை. "சரி. முறைன்னா முறை. சாவி யார் கையில? நாங்களும் வெச்சிருப்போம்."

"வால்வு வீட்டுக்குள்ள இருக்கு. அந்த வீட்ல நான் இருப்பேன்," என்றாள் தொரிலா. "உள்ள வந்து பாக்கறதுன்னா கதவத் தட்டிட்டு வாங்க. காப்பி தர்றேன். குறடு கொண்டாந்தா வேற தர்றேன். ரெண்டு வருஷத்துல புதுக்குழாய் வந்துட்டா நான் எறங்கி வந்த மாதிரியே ஏறிப் போயிடறேன்."

நிக்காசியோவின் ராஜினாமாவைக் குழு ஏற்றுக்கொண்டது. முதல்முறையாக யாரும் கை தட்டவில்லை.

அன்று அவர் கல்லறைச் சுவரில் ஏறிச் சேதி சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசையில் நின்றவர்களே ஒதிலியாவுக்குச் சேதி சொல்லிவிட்டார்கள். அவர் கைபேசியை வாங்கியபோது அவள் அழுதுகொண்டிருந்தாள், திட்டிக்கொண்டும் இருந்தாள். "புதன்கெழம வண்டிக்கு வா. பேரனுக்கு ரெண்டு நாளா இருந்த காய்ச்சல் விட்டுப்போச்சு. உனக்குச் செருப்பு வாங்கிட்டேன், உன் பழைய செருப்பப் போட்டுக்கிட்டு வந்து எறங்கினியோ பாரு."

"வர்றேன்," என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை தொரிலா மூட்டை முடிச்சோடு கீழே வந்தாள். குதிரை இருவருமாகப் பிடித்துக் கடைசித் தடவையாக இழுத்தார்கள். பதினான்கு திருகை அவர் சொல்லித்தரவில்லை. அவள் திருகினாள், அவர் எண்ணினார். பிறகு அவள் குதிரைப் பழைய இடத்தில் வைக்காமல் எதிர்மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். குழிக்கு மேல் பலகையை மட்டும் போட்டாள், வருகிறவர் எல்லோருக்கும் தெரியும்படி. மாலைக்குள் தன் சோளத்தைக் கொண்டுவந்து குதிரை வாய்வரை நிரப்பிவிட்டாள். நிக்காசியோ அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அந்தக் குதிர் நிறைந்து அவர் பார்த்ததில்லை.

புதன்கிழமை ஐந்தரைக்கு ஆற்றங்கரையில் பேருந்து வந்தது. அவரிடம் ஒரு சாக்குப்பை, இரண்டு சட்டை, பேரனுக்கு ஒரு மரக்குதிரை. நடத்துனர் சாக்கை வாங்கி மேலே எறிந்தான்.

"தோன் நிக்கா! கடைசியில வால்வத் தெறந்துட்டீங்க போல! ஏறுங்க ஏறுங்க, ஜன்னலோரம் வெச்சிருக்கேன்."

அவர் படியில் ஒரு காலை வைத்தார். உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அப்படியே எவ்வளவு நேரம் நின்றார் என்பதில் அன்று வண்டியில் இருந்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒரு செபமாலை நேரம் என்பவர்களும் உண்டு, இரண்டு மூச்சு என்பவர்களும் உண்டு. பிறகு காலைக் கீழே எடுத்தார்.

"சாக்க எறக்கிடு."

"மறந்துட்டீங்களா எதையாவது?"

"எறக்கிடு."

மரக்குதிரையை மட்டும் நடத்துனரிடம் கொடுத்து, தேலாவில் ஒதிலியாவிடம் சேர்த்துவிடச் சொன்னார். வண்டி ஆற்றைத் தாண்டியது. அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிப் போகிற பாதையில் மேட்டுக்கு ஏறினார். தொரிலாவின் வீடு காலியாக இருந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே போய்ச் சாக்கை இறக்கிவைத்தார், அங்கேயே தங்கிவிட்டார்.

ஏன் வரவில்லை என்று ஒதிலியா அடுத்த ஞாயிறு கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள். சான் ஹுவான் திருநாளுக்குப் பிறகு கேட்கவில்லை. பேரனுக்கு இன்னொரு பல் முளைத்ததைச் சொன்னாள், அவர் மழை இன்னும் வலுக்கவில்லை என்றார். மிரேயா தலைநகரத்திலிருந்து ஒரு தடவை தொலைபேசியில் கேட்டாள். தொரிலா காப்பி கொடுத்துக் கேட்டாள், மறுபடியும் கொம்பாத்ரே என்று அழைத்து. யாருக்கும் அவர் காரணம் சொல்லவில்லை.

செவ்வாயும் சனியும் விடிகாலையில் மேட்டில் எல்லா வீட்டுக் குழாய்களும் திறந்து கிடக்கும், அடியில் வாளியோடு. தண்ணீர் ஏறிவருமுன் காற்று வரும், பூனை சீறுவதுபோல. அதைக் கேட்டதும் மற்றவர்கள் எழுந்து வெளியே வருவார்கள். நிக்காசியோ அதற்கு முன்பே வந்து குழாயடியில் குந்தியிருப்பார். இருபத்திரண்டு வருடம் அவர் திருகியதை இப்போது கீழே வேறொருவர் கை திருகுகிறது, மேட்டில் காத்திருப்பது அவர் முறை. அவர் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.